மருந்தில்லாத பிரிவு

வெறும் தண்ணி என்று டாக்டர் சொல்லவில்லை. படித்த மனிதர், அப்படிப் பட்டென்று போட்டு உடைப்பாரா. "உங்க மிதுனா மருந்தில்லாத பிரிவுல இருந்திருக்காம்மா" என்றுதான் சொன்னார், சிரித்த முகமாக, ஏதோ பரிசு விழுந்ததைச் சொல்வது மாதிரி. கோமளவல்லிக்கு அதில் பிரிவு என்ற சொல் மட்டும்தான் முதலில் காதில் விழுந்தது. யார் யாரைப் பிரிந்தார்கள் என்று ஒரு நொடி நினைத்தாள். மஸ்கட்டில் இருக்கிற தன் வீட்டு மனுஷனைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்றுகூட நினைத்தாள். பிறகு டாக்டர் நவநீதன் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று கோடு கிழித்துக் காட்டினார். தூசியில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு வருகிற பிள்ளைகளைச் சேர்த்தார்கள் இல்லையா, அதில் பாதிப் பேருக்கு அந்தப் பூச்சியிலிருந்தே எடுத்த மருந்தைச் சொட்டு சொட்டாகக் கொடுத்து உடம்பைப் பழக்கினார்கள், மீதிப் பேருக்கு அதே மாதிரி குப்பி, அதே இனிப்பு, அதே நிறம், உள்ளே மருந்து மட்டும் கிடையாது. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது, இப்போது ஆராய்ச்சி முடிந்து போன வாரம்தான் பிரித்துப் பார்த்தார்கள். "ஆரம்பத்துலயே இதெல்லாம் சொன்னோமேம்மா, ஞாபகம் இருக்கா?" இருக்கிறது. சொன்னார்கள். அவளும் தலையை ஆட்டினாள். ஆனால் அது மற்ற பிள்ளைகளுக்கு என்று நினைத்துத்தான் ஆட்டினாள். பஸ் கவிழும் என்று தெரிந்தும் பஸ்ஸில் ஏறுகிறோமே, அப்படி. தன் பிள்ளை வாயில் இரண்டு வருஷமாகத் தினம் ஊற்றியது இனிப்புத் தண்ணீர் என்று எந்தத் தாய் நினைப்பாள்? "இருந்தாலும் பாருங்க, குழந்தை எவ்வளவு நல்லாயிட்டா! எங்களுக்கு அதுதான் சந்தோஷம்" என்றார். மிதுனாவைக் கடைசியாக ஒரு முறை ஊதிப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பிவிட்டு, "நீங்க வெளில உக்காந்திருங்க" என்றார். வந்து உட்கார்ந்துவிட்டாள்.

சில்லென்ற இரும்பு நாற்காலி. எதிர்ச் சுவரில் சிரிக்கிற நுரையீரல் ஒன்றுக்குக் கையும் காலும் வரைந்து ஷூ மாட்டி விட்டிருந்தார்கள். எத்தனை தடவை பார்த்த படம், இன்றைக்குத்தான் அது பல்லைக் காட்டி இளிக்கிற மாதிரி இருந்தது. தினம் காலையில் எழுந்ததும், பல் விளக்கிய கையோடு, வெறும் வயிற்றில். நாக்குக்கு அடியில் விட வேண்டும், விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. மிதுனா நாக்கை மடித்து அண்ணாந்து நிற்பாள், கண்கள் உத்தரத்தைப் பார்க்கும். இவள் ஒரு கையால் மகளின் தாடையைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் கோட்டை மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே விடுவாள். குளித்துவிட்டுத்தான் குப்பியைத் தொடுவது. வீட்டுக்குத் தூரமான நாட்களில் கொஞ்சம் யோசித்து, பிறகு மருந்துக்கு ஏது தீட்டு என்று தொடுவாள். ஃப்ரிட்ஜ் கதவில் தயிர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், கரண்ட் போனால் ஈரத் துணி சுற்றி மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்துவிட்டு மறுபடி கரண்ட் வரும்வரை வேறு வேலை ஓடாது. கடவுளே, அந்தச் செண்பகம். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைப்பு அங்கேதான் போய் நின்றது. பக்கத்து வீட்டுச் செண்பகத்தின் குழந்தைக்கும் இழுப்பு, ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை, வயசு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் செண்பகம் வந்து வாசல்படியிலேயே நின்றுகொண்டு, உள்ளே வா என்றால் வராமல், "அக்கா, ரெண்டே ரெண்டு சொட்டு குடுங்கக்கா, உங்க பொண்ணுக்குக் கொறஞ்சா போயிடும்?" என்று கேட்டாள். இடுப்பில் குழந்தை, அதன் விலா ஏறி ஏறி இறங்குகிறது. இவள் ஃப்ரிட்ஜ் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, "இது அளவு பாத்துக் குடுக்கறது செண்பகம், ஏதாவது ஆயிட்டா நான் பதில் சொல்ல முடியாது" என்றாள். சொன்னது நியாயம்தான், யாரைக் கேட்டாலும் நியாயம் என்பார்கள். ஆனால் சொல்லும்போது உள்ளே இருந்தது நியாயம் இல்லை, தன் பிள்ளைக்குக் குறைந்துவிடுமோ என்கிற பயம். அன்றோடு செண்பகம் பேச்சை நிறுத்திவிட்டாள், குப்பை கொட்டப் போகும்போது எதிரே வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். தண்ணீருக்காக. இனிப்புத் தண்ணீரைக் கட்டிக் காத்து ஒரு மனுஷியைப் பகைத்துக்கொண்டாள். இப்போது போய் என்னவென்று சொல்வது, நான் தராதது மருந்தே இல்லை செண்பகம் என்றா? சிரிப்பு வந்தது, வாயைப் புடவைத் தலைப்பால் துடைப்பது போல மூடிக்கொண்டாள்.

சரி, மருந்தில்லை. அப்படியானால் எது? அந்தக் கேள்வியைத் தொடாமல் இதுவரை செண்பகத்தையும் தயிர்ச் சொம்பையும் சுற்றிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கே தெரிந்தது. பிள்ளைக்குக் குணமானது பொய்யில்லை. மருந்து ஆரம்பித்த வருஷத் தீபாவளிக்குத் தெரு முழுக்கப் புகை, முந்தின வருஷம் அதே புகையில் ஆஸ்பத்திரியில் கிடந்தவள், அந்த வருஷம் கம்பி மத்தாப்பைச் சுற்றிக்கொண்டு குதித்தாள். அதைப் பார்த்துத்தான் இவள் சொட்டு மருந்துக் குப்பிக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டாள். சற்று முன்னால் டாக்டரிடம் கேட்டதற்கு அவர் விரல் விட்டுச் சொன்னார். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அது எப்படி? இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டது, தலையணை உறையை வெந்நீரில் அலசியது, பூனையைச் சாக்கில் கட்டி அக்கா ஊர் ஆத்தூருக்குக் கொண்டுபோய் விட்டது எல்லாம் ஆராய்ச்சிக்கு முந்தியே செய்தாயிற்று, அப்போதெல்லாம் இழுப்பு நின்றபாடில்லை. வளர வளரச் சில பிள்ளைகளுக்குத் தானே சரியாகிவிடும் என்றார். இருக்கலாம். ஆனால் பிள்ளை அந்தத் தீபாவளியிலிருந்தா வளர்கிறாள், பிறந்ததிலிருந்து வளர்கிறாள். இன்ஹேலரை ஒழுங்காகத் தினம் உறிஞ்சியது பெரிய காரணம் என்றார், எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்தோமே என்றார். அங்கேதான் மனசு முள்ளில் மாட்டின புடவை மாதிரி நின்றுவிட்டது. இன்ஹேலர் முன்பும் வீட்டில் இருந்தது. பீரோவுக்கு மேலே, பழைய காலண்டருக்குப் பின்னால். பிள்ளை நீலம் பாரிக்கும்போதுதான் இறங்கும். "தெனமும் அத உறிஞ்சிப் பழகிட்டா அப்புறம் விட முடியாது, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் முன்னாடியும் உறிஞ்சிட்டு நிப்பா" என்று சொன்னது யார்? பொன்னுரங்கம். அவர் விமானம் ஏறின பிறகுதான் அது கீழே இறங்கிச் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் குடியேறியது. எந்தச் சந்துக்குள் நுழைந்து போனாலும் கடைசியில் அந்த ஆள் முன்னால்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. சொட்டு மருந்து ஆரம்பித்தது ஆடியில். அவர் மஸ்கட்டுக்குப் போனது புரட்டாசியில். ஐப்பசியில் பிள்ளை குதித்தாள். இரண்டு காரியமும் ஒட்டி ஒட்டி நடந்ததால், அவள் குப்பியைக் கும்பிட்டாள். மனுஷன் இல்லாததைக் கும்பிட எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்?

அப்படி நினைத்ததே பாவம் என்று பட்டது. ஏனென்றால் அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். பிள்ளைக்கு இழுப்பு வந்தால் படுக்க வைக்க முடியாது, படுத்தால் மூச்சு அடைக்கும். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு, கால் மரத்துப் போனாலும் அசையாமல் அப்படியே இருப்பார். மழையில் ஆட்டோ கிடைக்காத அன்றைக்குத் தோளில் போட்டுக்கொண்டு சிவதாபுரத்திலிருந்து ஓட்டமாக ஓடி, எதிரே வந்த பால்வண்டியை மறித்து ஏறினார். காலில் செருப்பில்லை, கண்ணாடித் துண்டு குத்தியது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வீட்டு முன்கட்டில்தான் கொலுசுப் பட்டறை. வெள்ளியைப் பற்றவைக்கிற கேஸ் விளக்கு, கொலுசை முக்கி எடுக்கிற ஆசிட் தொட்டி, அதன் நெடி. முதல் டாக்டர் புகையும் நெடியும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னார், அடுத்த மாதமே இவர் பட்டறையை மூடினார். கூட வேலை செய்தவர்களை அனுப்பினார், சாமானை மூட்டை கட்டிப் பரணில் போட்டார், வேறொருவன் பட்டறைக்குக் கூலிக்குப் போனார். முதலாளியாக இருந்த ஆள். யார் செய்வார்கள்? அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள், பிள்ளைக்காகத் தொழிலையே விட்டான் பாரு என்று. அவரும் சொன்னார். முதலில் மற்றவர்களிடம் சொன்னார், அப்புறம் இவளிடம், அப்புறம் பிள்ளையிடமே. சோற்றில் கல் கிடந்தால், ரேங்க் குறைந்தால், கூலிக்குப் போன இடத்தில் எவனாவது ஏ பொன்னு என்று ஒருமையில் கூப்பிட்டுவிட்டால். "ஒனக்காகத்தாண்டி பட்டறைய மூடினேன். நெனப்பு இருக்கட்டும்." கையை ஓங்கினதில்லை, ஒரு தடவைகூட. தட்டு பறக்கும், சொம்பு பறக்கும், அது சுவரில் மோதி உருண்டு உருண்டு அடங்குகிற வரைக்கும் பிள்ளை நகராமல் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பட்டறையை மூடியும் இழுப்பு நிற்காததுதான் அவருக்குப் பெரிய கோபம். ஆசையாக வாங்கிக் கொடுத்த சட்டையைப் போட மறுத்த பிள்ளை மாதிரி அவள் மூச்சு அவருக்குத் தெரிந்தது. "எல்லாத்தையும் விட்டாச்சு, இன்னும் ஏன் இழுக்கற?" என்று ஒரு தரம் கேட்டே விட்டார். அதற்கு அந்தக் குழந்தை என்ன பதில் சொல்லும்? "தெரியலப்பா" என்று சொன்னாள். சொல்லி முடிக்க மூச்சு போதவில்லை.

இந்த ஆராய்ச்சியில் சேரும்போது ரெஜினா என்கிற பெண்தான் வீட்டுக்கு வந்து எல்லாம் விசாரித்தாள். நல்ல பெண், இன்றைக்கு உள்ளே மிதுனாவை ஊத வைத்துக்கொண்டிருப்பவளும் அவள்தான். வீட்டில் யாராவது பீடி சிகரெட் பிடிப்பார்களா, பூனை நாய் உண்டா, கரப்பான் உண்டா, சுவரில் ஈரம் ஓதம் உண்டா, விறகடுப்பா கேஸா, சாம்பிராணி போடுவீர்களா, ஊதுபத்தி என்ன மணம் என்பது வரைக்கும் கேட்டாள். பாயையும் தலையணையையும் தட்டிப் பார்த்தாள், ஒரு சின்ன உறிஞ்சு கருவியை வைத்துத் தூசியைப் பிடித்துப் பாட்டிலில் அடைத்து எடுத்துப் போனாள். அந்தத் தூசியில் எல்லாம் இருந்திருக்கும், பூச்சி, பூனை முடி, வெள்ளிப் பொடி. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை எந்தப் பாட்டிலில் அடைப்பாள்? கோமளவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். செருப்பு. அவர் வந்தால் இரண்டு செருப்பையும் ஒன்றின் பின் ஒன்றாகச் சுவரோரம் உதறுவார், டப், டப். நல்ல மனநிலையா இல்லையா என்பது இரண்டாவது டப்பில் தெரிந்துவிடும். பாடம் எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளையின் பென்சில் அப்படியே நிற்கும். கதவு திறப்பதற்கு முந்தியே தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறிக்கொள்ளும், கழுத்துக் குழியில் பள்ளம் விழும். இவள் அடுப்படியிலிருந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு என்ன சொல்வாள்? "பனி எறங்க ஆரம்பிச்சிடுச்சு, ஜன்னலச் சாத்து கண்ணு." பனியாம். சித்திரை மாதத்தில் என்ன பனி? பார்த்ததைப் பார்க்காதது மாதிரி ஜன்னலைச் சாத்திச் சாத்தியே அத்தனை வருஷம் ஓட்டினாள். ரெஜினாவைக் குறை சொல்லி என்ன பயன், வீட்டில் யாரைப் பார்த்தால் பிள்ளைக்குப் பயம் என்று அவள் கேட்டிருந்தாலும் இவள் யாருமில்லை மேடம் என்றுதான் சொல்லியிருப்பாள், காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றிருப்பாள்.

ஒருவேளை இதுவும் பொய்யோ? நெஞ்சு மறுபடி பின்வாங்கியது. ஒரு மனுஷன் மேல் இப்படி ஒரு பழியைப் போட அவளிடம் என்ன இருக்கிறது? டாக்டர் அத்தனை பிள்ளைகளை வைத்து, பாதி பாதியாகப் பிரித்து, யாருக்கும் தெரியாமல் மறைத்து, கணக்குப் போட்டுத்தான் ஒன்றைச் சொல்கிறார். இவள் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று சொல்கிறாள். வளர்ந்ததால்கூடச் சரியாகியிருக்கலாம். இன்ஹேலர்தான் என்று வைத்துக்கொண்டால் என்ன கேடு? வைத்துக்கொள்ளலாம், வருகிற வாரம் அவர் வராமல் இருந்தால். வருகிறார். ஒரேயடியாக வருகிறார். வெல்டிங் கம்பெனியில் இன்னும் ஒரு வருஷம் இரு என்று சூப்பர்வைசர் கெஞ்சுகிறானாம், முடியாது என்று சொல்லிவிட்டாராம். முந்தாநாள் வீடியோவில் வந்தபோது முகமெல்லாம் பல். "இனிமே என்ன கோமளா, பாப்பாவுக்குத்தான் மருந்து கேட்டுடுச்சே! வந்த ஒடனே முன்கட்டுல பட்டறையத் தொறந்துட வேண்டியதுதான். பரண்ல இருக்கறத எறக்கித் தொடச்சு வை." அந்தக் குரலில் எவ்வளவு சந்தோஷம். கல்யாணமான புதிதில் கேட்ட குரல் அது. இவளும் சந்தோஷப்பட்டாள், நிஜமாகவே, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கக்கூடச் செய்தாள். இப்போது போய், அந்த மருந்து மருந்தே இல்லையாம் என்று சொன்னால் என்ன ஆகும்? அவர் என்ன சொல்வார் என்பது அவர் வாயசைவோடு சேர்ந்து அவளுக்குத் தெரிந்தது. அப்ப வெறும் தண்ணியக் குடிச்சே சரியாயிடுச்சா? அப்ப வியாதியே இல்லையா? அத்தனை நாளும் நடிச்சாளா? இந்த நாடகத்துக்கா நான் தொழில விட்டேன், கூலிக்குப் போனேன், கண்காணாத தேசத்துல வெந்தேன்? சொன்னால் இது. சொல்லாவிட்டால் முன்கட்டில் ஆசிட் தொட்டி. இரண்டுக்கும் நடுவில் அந்தச் செருப்புச் சத்தம். கோமளவல்லி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ரெஜினாவின் குரல் கேட்டது, "ஊது ஊது ஊது, விடாத, இன்னும் இன்னும் இன்னும், சூப்பர்!"

மிதுனா வெளியே வந்தாள். பதினொரு வயசுக்கு உயரம்தான், இந்த ஒரு வருஷத்தில் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. கம்ப்யூட்டரில் தெரிகிற மெழுகுவத்திகளை ஊதி அணைக்க வேண்டுமாம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அணைத்துவிட்டாளாம், கன்னம் சிவந்திருந்தது. ரெஜினா பின்னாலேயே வந்து, "உங்க பொண்ணு இன்னிக்கு மெஷினயே பறக்க விட்டுட்டா" என்று சிரித்துவிட்டுப் போனாள். பிள்ளை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டினாள். கொஞ்ச நேரம் நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குக் குடுத்தது நெஜ மருந்து இல்லியாம்மா? ரெஜினா அக்கா சொன்னாங்க."

"ஆமா கண்ணு."

"அப்ப எனக்கு எப்படிச் சரியாச்சு?"

"தெரியலடி. டாக்டருக்கே தெரியல."

காலாட்டுவது நின்றது. "அப்பாகிட்டச் சொல்லாதம்மா" என்றாள், மெதுவாக, யாரோ ஒட்டுக் கேட்பது போல. "சொல்லிடாத. என்ன?"

அந்தச் 'சொல்லாத' என்ற சொல்லைக் கேட்டதும் கோமளவல்லிக்கு எல்லாம் தெளிந்த மாதிரி இருந்தது. இதுவரை அவளே தனக்குள் ஜோடித்துக்கொண்டது என்று தள்ளிவிடப் பார்த்தாளே, பிள்ளை வாயாலேயே வந்துவிட்டதே. எழுந்தாள். "இங்கயே இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குள் மறுபடியும் போனாள். அவர் வேறொரு குழந்தையின் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்திருந்தார். என்ன கேட்பது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா? வீட்ல ஒரு ஆள் இல்லாததால இழுப்பு நிக்குமா சார்?"

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே இறக்கினார். அவளைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "யாரும்மா? சிகரெட் பிடிக்கறவங்களா?"

"இல்ல சார். ஒரு பழக்கமும் கெடையாது. நல்ல மனுஷன். கொஞ்சம் சத்தம் போடுவாரு."

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "பயம், கவலை இருந்தா இழுப்பு கூடும்மா. அது தெரிஞ்ச விஷயம்தான். ஆனா உங்க பொண்ணுக்கு அதனாலதான்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? இந்த ஆராய்ச்சியில நாங்க அதப் பாக்கல."

"பாக்கலியா சார்."

"பாக்கல. வேணும்னா மனநல டாக்டர் ஒருத்தர்கிட்ட எழுதித் தரேன், அவரையும் கூட்டிட்டு வாங்களேன், மூணு பேருமா உக்காந்து பேசலாம்."

அவரைக் கூட்டிக்கொண்டு வருவது. உன்னால்தான் பிள்ளைக்கு மூச்சு நின்றது என்று இன்னொருவர் முன்னால் அவரை உட்கார வைத்துச் சொல்வது. கண்ணாடித் துண்டு குத்திய காலோடு ஓடின மனுஷனிடம். "சரிங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். வரும்போதே கைப்பைக்குள் போன் அடித்தது. அவர்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகவில்லை, முடிவு என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளாமல் வேலைக்கு நடுவிலேயே கூப்பிடுகிறார். பின்னால் இரும்பு வெட்டும் சத்தம் கிறீச்சென்றது.

"என்ன சொன்னாரு டாக்டரு? பாப்பா நல்லா ஊதிச்சா?"

"ஊதினா. நல்லாத்தான் ஊதினா." அதற்கு மேல் என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. நாக்கு தானாகப் புரண்டது. "ஆனா மருந்த இன்னியோட நிறுத்தறாங்களாம். நிறுத்தினதும் திரும்ப வர வாய்ப்பிருக்காம். இப்பத்தான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணுமாம். பொகை, ஆசிட் நெடி எதுவும் கிட்டயே வரக் கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லிட்டாரு. இன்னும் ஒரு வருஷம்."

இரும்பு வெட்டுவது நின்று, மறுபடி தொடங்கி, நின்றது.

"அப்ப பட்டறை?"

அவள் எதிர்ச் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தாள்.

"பட்டறை இல்லாம நான் வந்து என்ன பண்ண? மறுபடி அவன் இவன்கிட்டக் கூலிக்கா?" குரல் ஏறப் போகிறது என்று அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பழக்கம். ஆனால் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி" என்றார். "சூப்பர்வைசர் இன்னும் ஆள் போடல. சாயங்காலம் போய்ச் சொல்லிடறேன். ஒரு வருஷந்தானே. பாப்பா நல்லா இருந்தாப் போதும். அவளுக்குக் கலர் பென்சில் பெரிய டப்பா வாங்கி வெச்சிருந்தேன், யாராவது ஊருக்கு வந்தாக் குடுத்து விடறேன்." மூக்கை உறிஞ்சினார். தூசியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். "வெச்சிடறேன், கூப்பிடறாங்க."

நெஞ்சில் எட்டிக்காயைக் கடித்தது போலக் கசப்பு. ஜெயித்துவிட்டாள். ஒரு பொய்யைச் சொல்லி ஒரு மனுஷனை இன்னொரு வருஷம் அந்த வெயிலில் நிறுத்திவிட்டாள், அதையும் அவர் பிள்ளைமேல் இருக்கிற ஆசையைப் பிடித்தே. டாக்டராவது தண்ணீர் கொடுப்போம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கொடுத்தார். ஒரு வருஷம் கழித்து? அப்போது இதற்கும் சேர்த்துத்தான் அவர் கேட்பார், இதையும் பிள்ளையிடம்தான் கேட்பார். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு வருஷம் பிள்ளை மூச்சு விடட்டும்.

நிமிர்ந்தபோது மிதுனா எதிரே நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்து வந்தாளோ.

"அப்பா வரலியா?"

"இல்லடா கண்ணு. இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வர்றாரு. நீ பயப்படாத, நான் எதுவும் சொல்லல."

பிள்ளை அவளையே பார்த்தாள். "நான் வரச் சொல்லாதன்னா சொன்னேன்?" என்றாள். "தண்ணி மருந்துன்னு சொல்லாதன்னுதானே சொன்னேன். நடிச்சேன்னு நெனச்சுக்குவாருன்னுதான் அப்படிச் சொன்னேன்." திரும்பிச் சரிவுப் பாதையில் ஓட ஆரம்பித்தாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களை விலக்கி, டீக்கடைக் கும்பலைத் தாண்டி, வெளிக் கேட்டு வரைக்கும் ஒரே ஓட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதில் பாதித் தூரம் நடக்க முடியாத பிள்ளை. கோமளவல்லி பின்னால் ஓடிப் போய்ப் பிடித்தபோது இவளுக்குத்தான் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளின் தோள்கள் குலுங்கின. பழைய பயத்தில் இவள் கை தானாகக் கைப்பைக்குள் போய் இன்ஹேலரைத் துழாவியது.

"என்னாச்சு கண்ணு, இழுக்குதா? மூச்சு முட்டுதா?"

மிதுனா முகத்தைத் திருப்பினாள். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"மூச்சு நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள்.